மாளிகைமேட்டில் காசு எங்கே?

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு வானம் தோண்டினால் செங்கல் வரும். கூரை ஓட்டின் சில்லு வரும், பானை ஓடு வரும், துருப்பிடித்த ஆணியும் வரும். காசு? வந்தது என்று சொல்பவர்கள் நிறைய. காட்டுபவர்களைத்தான் காணோம்.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது அமெரிக்கர்களின் ஒரு விசித்திரமான பொழுதுபோக்கைப் பற்றிப் படித்தபோது. அங்கே பழைய ஊர்களில் நடைபாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். பழைய சிமெண்டை எடுத்ததற்கும் புதிய சிமெண்டை ஊற்றுவதற்கும் இடைப்பட்ட ஓரிரு நாள்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். அந்த மண் பல பத்தாண்டுகளாக மூடிக் கிடந்தது. அதற்கு முன்பு அதன்மேல் நடந்தவர்களின் பையிலிருந்து விழுந்த சென்ட் காசுகள் அப்படியே இருக்கும். 1964 வரை அங்கே அடிக்கப்பட்ட, டைம் எனப்படும் பத்து சென்ட் காசில் 90 விழுக்காடு வெள்ளி. நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழமைக்கே அவ்வளவு கொண்டாட்டம் என்றால், ஆயிரம் ஆண்டுத் தலைநகரின் மேல் ஜே.சி.பி. இறங்கும்போது என்னதான் வரவேண்டும்?

ஏனென்றால் இங்கேயும் தெருக்கள் இருந்தன. முதலாம் இராசேந்திரன் கட்டிய இந்த நகரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்தது. இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்று சாலைகளுக்கும், வேம்புகுடி வாயில் என்று வாசலுக்கும், குலோத்துங்க சோழன் திருமதில் என்று மதிலுக்கும் கல்வெட்டுகளில் பெயர் இருக்கிறது. அரண்மனையில் ஒரு பகுதிக்குச் சோழகேரளன் திருமாளிகை என்று பெயர். அந்தச் சாலைகள் இப்போது முந்திரிக்காடும் வயலும் வீடுமாகக் கிடக்கின்றன. மிச்சம் இருப்பது ஊர்ப்பெயர்கள்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, மாளிகைமேடு.

இராசேந்திரன் இந்த நகரில் எழுப்பிய சிவன் கோயிலுக்குத் தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை முதன்முதலில் 1980இல் மண்வெட்டியை வைத்தது. பிறகு விட்டுவிட்டுத் தொடர்ந்து, 2021 முதல் மீண்டும் பெரிய அளவில் தோண்டியது. வெளிப்பட்டவை: ஒரு மீட்டருக்கும் அதிகத் தடிமனுள்ள செங்கல் சுவர்கள், மரத் தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள், கூரையில் வேய்ந்த தட்டையோடுகள் குவியல் குவியலாக, இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், தந்தப் பொருள்கள், சீனப் பீங்கான் சில்லுகள். காசுகளும் உண்டு. ஆனால் ஓட்டுக்கும் ஆணிக்கும் முன்னால் அவை எண்ணிக்கையில் எடுபடுவதில்லை.

அந்த ஆணிகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மெட்டல் டிடெக்டரின் கம்பிச்சுருள் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அது திருப்பி அனுப்பும் சிறிய அசைவைக் கருவி ஒலியாக மாற்றுகிறது. காசு அளவுப் பொருளை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் கண்டுபிடிக்கத் திணறும். பக்கத்திலேயே இரும்பு இருந்தால் செம்பின் குரல் அதில் அமுங்கிப்போகும். மரக்கூரையை ஆணி அடித்தே நிறுத்திய ஓர் அரண்மனையின்மேல் அந்தக் கருவியோடு நடப்பவனுக்கு, அடிக்கொரு தடவை கத்தல்தான் மிஞ்சும்.

சரி, சோழர் காசுகள் வேறு எங்கே கிடைத்திருக்கின்றன என்று தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. ‘கங்கைகொண்ட சோழன்’ என்று நாகரி எழுத்தில் பொறித்து, நடுவே புலியும் அதனருகே பாண்டியரின் இரட்டை மீனும் சேரரின் வில்லும் வைத்து இராசேந்திரன் காசு வெளியிட்டான். அந்த வகைத் தங்கக் காசு இருந்த பெயர்பெற்ற புதையல் ஒன்று கிடைத்த இடம் கோதாவரிக் கரையில் உள்ள தவளேசுவரம். கீழைச் சாளுக்கியர் காசுகளோடு கலந்து கிடந்த அதைச் சென்னை அருங்காட்சியகம் தனி நூலாகவே வெளியிட்டிருக்கிறது. தலைநகரின் பெயரைத் தாங்கிய காசைப் பார்க்க, தலைநகரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே போகவேண்டியிருக்கிறது.

இராசேந்திரனின் தந்தை இராசராசனின் செப்புக்காசு இன்னும் ஊர்சுற்றி. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரியில் ‘ஸ்ரீராஜராஜ’. தமிழ்நாடு முழுக்கவும் இலங்கை முழுக்கவும் அது கிடைக்கிறது. பொலன்னறுவை அரசர்களான பராக்கிரமபாகுவும் நிசங்கமல்லனும் தங்கள் பெயரைப் போட்டு அதே அச்சைப் பின்பற்றினார்கள். யாழ்ப்பாண அரசர்களின் சேதுக்காசிலும் அந்த நிற்கும் மனிதன் தெரிகிறான். படையெடுத்து வந்தவனின் காசை, சோழரை விரட்டிய நாட்டின் அரசர்களே விடவில்லை. மக்கள் கை பழகிய அச்சை மாற்ற எந்த அரசனுக்கும் துணிவு வராது போலும்.

சீனக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1077இல் சோழ அரசன் குலோத்துங்கன் அனுப்பிய 72 பேர் கொண்ட தூதுக்குழு சோங் அரசவைக்குப் போய், கொண்டுபோன பொருள்களுக்குப் பதிலாக 81,800 கோவை செப்புக்காசு பெற்றுத் திரும்பியது என்று சீனப் பதிவுகள் சொல்கின்றன. ஒரு கோவைக்கு ஆயிரம் காசு என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் எட்டுக் கோடிக்கு மேல். காகிதத்தில் இருந்த கோவை முழுதும் கப்பலில் ஏறியதா என்பது வேறு விஷயம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுக் குவியல்கள் இருபதாம் நூற்றாண்டில் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கங்களில் கிடைத்து, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. தஞ்சை வயல்களில் வெளிப்பட்டது அந்த வணிகத்தின் ஒரு துளிதான்.

மீதி எங்கே? ஊரில் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது அவர் செங்கல்லில் இருந்து தொடங்கினார். “செங்கல்லே நிக்கல தம்பி, காசா நிக்கும்?” என்றார். அதுதான் நான் கேட்டவற்றில் நேரான விடை. பாண்டியர் கையில் நகரம் விழுந்த பிறகு, மாளிகைமேடு பல தலைமுறைகளுக்குச் செங்கல் எடுக்கும் இடமாக இருந்தது. கோயிலும் தப்பவில்லை. 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் சுற்றுமதில் கற்களையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு பேருந்தும் இராசேந்திரனின் மதிலருகே போகிறது என்று சொன்னால் மிகையாகாது. கல்லுக்கும் செங்கல்லுக்குமே இந்தக் கதி என்றால், கையில் அடங்கும் செம்பை யார் விடுவார்கள்?

செம்பு உருகும். கும்பகோணத்தில் பழைய பித்தளை, செம்பு வாங்கும் வியாபாரி ஒருவர் ஒளிக்காமல் சொன்னார்: “எடை போட்டு வாங்கறதுதாங்க. மூட்டைக்குள்ள காசு இருந்தா அதுவும் செம்புதான்.” சோழர் செப்புக்காசு ஒன்றின் எடை சுமார் நான்கு கிராம். செம்பின் விலைக்குச் சில ரூபாய்தான் தேறும். காசு சேகரிப்போர் சந்தையில் அதுவே சில நூறு ரூபாய்க்குப் போகும். அது தெரிந்த நாள்முதல் உருக்குவது குறைந்து, விற்பது கூடியிருக்கிறது.

விற்பதால் நல்லதே நடக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. கரூர் அமராவதி ஆற்று மணலை அரித்தெடுத்தவர்கள் கையில் சிக்கிய சிறு காசுகளை விடாமல் தேடி வாங்கிப் படித்தவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 1980களில் அவர் ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டார். சங்ககால அரசர்கள் காசே வெளியிடவில்லை என்ற பழைய எண்ணம் அதோடு போனது. சேரரின் மாக்கோதை, கொல்லிப்புறை காசுகள் கரூர் மணல் கொடுத்தவை. ஆனால் அவை எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் 2024இல் பண்ருட்டி அருகே மருங்கூர் அகழாய்வில் கிடைத்த இராசராசன் காலச் செப்புக்காசு. சந்தையில் அது சாதாரணக் காசு. குழிக்குள் அது கிடந்த ஆழத்தோடு சேர்த்துப் பார்த்தால், அந்த மண் அடுக்குக்கே காலம் சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை எடுத்தாலும், என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரியவர் இல்லை என்று ஆட்சியர் அறிவித்தால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒன்றும் சேர்த்துக் கொடுக்கும். சிக்கலே அங்குதான். நான்கு கிராம் செம்புக்குச் சில ரூபாய் வாங்க யார் ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்துச் சீட்டு எடுப்பார்கள்?

பிரிட்டனில் 1996இல் புதிய புதையல் சட்டம் போட்டு, சந்தை மதிப்பையே பரிசாகக் கொடுக்கிறார்கள். 2009இல் ஸ்டாஃபர்ட்ஷயர் வயலில் டிடெக்டர்காரர் ஒருவர் கண்டெடுத்த ஆங்கிலோ-சாக்சன் தங்கக் குவியலுக்கு 32.85 லட்சம் பவுண்டு. கண்டவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள். பரிசு கிடைக்காத சிறு பொருள்களையும் இடத்தோடு பதிந்துகொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. அதில் இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. இங்கே 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் பள்ளம் தோண்டியபோது ஒரு பாத்திரத்துக்குள் 505 தங்கக்காசுகள், 1.716 கிலோ, வெளிவந்தன. பலர் கண்முன் வெளிப்பட்டதால் அவை அரசின் பாதுகாப்புக்கு வந்தன. தனி ஆள் தன் கொல்லையில் எடுக்கும் காசுக்கு அப்படிக் கண்கள் கிடையாது.

அதற்காக மெட்டல் டிடெக்டரை வாங்கிக்கொண்டு மாளிகைமேட்டுக்குப் போய்விடலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள கோயிலைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்று சொல்லிப் பணம் பறித்த கூட்டங்களைப் பார்த்த மாநிலம் இது. இரவில் கருவியோடு அலைபவனை ஊரார் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

என் முடிவு இது: காசைத் தேடிப் போகவேண்டிய இடம் மேடு அல்ல, வேறு காரணத்துக்காக ஏற்கெனவே தோண்டப்படும் பள்ளங்கள். சாலை விரிவாக்கம், குடிநீர்க் குழாய், வீட்டு வானம் எல்லாம் நம் ஊரின் நடைபாதைப் பெயர்ப்புகள். 2025 ஜூலை 27 அன்று பிரதமர் இந்தக் கோயிலுக்கு வந்து இராசேந்திரன் பெயரில் நினைவு நாணயம் வெளியிட்டுப் போனார். நல்லதுதான். இராசேந்திரன் தானே அடித்த காசும் இதே மண்ணில் கிடக்கக்கூடும்; அது வெளிப்படும் வேளையில் பள்ளத்தின் ஓரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நிற்க ஏற்பாடு வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை.

உங்கள் பள்ளத்தில் காசு கண்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விபூதியும் வேண்டாம். பச்சைப் பாசிபோலப் படிந்திருப்பதற்கு அடியில்தான் எழுத்து இருக்கிறது, தேய்த்தால் இரண்டும் சேர்ந்து போகும். அது கிடந்த ஆழத்தை அளந்து, பக்கத்தில் இருந்த ஓட்டையும் செங்கல்லையும் சேர்த்துப் படம் எடுத்து, மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுங்கள். மனுவின் நகல் ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.