கிளப் தேடும் ஜூலை

அமெரிக்காவில் பெண்கள் லக்ராஸ் டோர்னமென்ட். வலை கட்டிய மட்டையால் பந்தாடும் ஆட்டம். மகளுக்குக் கிளப் தேடி வந்திருக்கிறேன். கல்லூரிக் கோச்சுகள் மடக்கு நாற்காலியோடு வருகிறார்கள். சட்டையில் கல்லூரிப் பெயர். மடியில் பட்டியல். அதில் சட்டை எண், பள்ளி முடிக்கும் ஆண்டு, மதிப்பெண்.

அவர்கள் உட்காரும் பக்கம் வேறு, பெற்றோர் நிற்கும் பக்கம் வேறு.

ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு அவர்களைக் கடந்து போனாள். சற்றுமுன் இரண்டு கோல் அடித்தவள். கோச் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விதி அப்படி.

செப்டம்பர் 1, பதினோராம் வகுப்பு. அந்தத் தேதிக்கு முன், கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன்னின் கோச் எவரும் ஒரு பெண்ணிடம் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. 2017 ஏப்ரலில் வந்தது. கோச்சுகளின் சங்கங்களே கேட்டு வாங்கிய விதி.

அதற்கு முன்பெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் வாக்குக் கொடுத்துவிடுவார்கள். சிலர் எட்டாம் வகுப்பிலேயே. உயரம்கூட நிற்காத வயது.

வாய்வாக்குதான். கல்லூரியையும் கட்டாது, பெண்ணையும் கட்டாது.

ஆகஸ்ட் 31 இரவு. போன் மேஜைமேல். பன்னிரண்டு மணி தாண்டியதும் கோச்சுகளின் செய்திகள் வரத் தொடங்கும்.

வராத வீடுகளும் உண்டு. அந்த வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கிளப் அணிகளுக்கு ஆண்டுதான் பெயர். 2029. 2030. பள்ளி முடிக்கும் ஆண்டு அது. "உங்கள் பெண் எத்தனை?" என்றால் வயதைச் சொல்லக் கூடாது.

ஒரே ஆண்டுக்கு ஒரு கிளப்பில் மூன்று அணிகள். நிறத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். கறுப்பு, நீலம், வெள்ளை. எந்த நிறம் முதல் அணி என்று எங்கும் எழுதியிருக்காது. பெண்களுக்கு அது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

கிளப் கூடாரத்தில் பேனர். எங்கள் பெண்கள் போய்ச் சேர்ந்த கல்லூரிகள் என்று சின்னம் சின்னமாக. அவர்கள் எந்த நிற அணியில் இருந்தவர்கள் என்று இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே வளர்ந்தவளா, பத்தாம் வகுப்பில் வேறு கிளப்பிலிருந்து வந்தவளா என்றும் இல்லை. நடுவில் விலகியவர்கள் எத்தனை பேர்?

  

ஆட்டத்தின் வரலாறு கொஞ்சம். பால்டிமோர், பிரின் மார் பள்ளி, 1926. இந்த நாட்டில் பெண்கள் லக்ராஸ் வேர் பிடித்த இடம். அணியைத் தொடங்கிய ரோசபெல் சின்க்ளேர் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியில் பெண்கள் ஆடத் தொடங்கியது 1890இல்.

ஆட்டம் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹொடெனொசோனி மக்களின் ஆட்டம். அவர்களுக்கு அது நோய் தீர்க்கும் மருந்து.

மைதானத்துக்கு வருவோம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 12 பேர். அணியில் 24 பேர் என்றால் ஆளுக்குப் பாதி ஆட்டம். டோர்னமென்ட் ஆட்டங்கள் சின்னவை, கடிகாரம் நிற்காமல் ஓடும். கோச் ஒரு களத்தருகே பத்து நிமிடம் இருப்பார், எழுந்து அடுத்த களத்துக்குப் போய்விடுவார். அந்தப் பத்து நிமிடம் யார் பெஞ்சில்?

கேட்க வேண்டும்: அணியில் எத்தனை பேர். அதில் நடுக்களம் ஆடுபவர்கள் எத்தனை பேர்.

கோல்கீப்பர் இருவர் என்றால் பாதிக்குப் பாதி. மூன்று பேரை எடுத்துவைத்த அணியும் இருக்கிறது.

கோல்கீப்பரின் அம்மா மற்ற பெற்றோரோடு நிற்கவில்லை. கோடியில் தனியாக நின்றார். பாதி முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறு கோடிக்கு நடந்தார். யாரோடும் பேசவில்லை.

டிரா. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் நடுவட்டத்துக்குத் திரும்புகிறது. இரண்டு பெண்கள், இரண்டு மட்டைகள், வலைகளின் முதுகுகள் ஒட்டியபடி, நடுவே மஞ்சள் பந்து. விசில் அடித்ததும் பந்து இருவர் தலைக்கும் மேலே எழ வேண்டும். இதில் கைதேர்ந்த ஒருத்தி இருந்தால் எதிரணிக்குப் பந்தே கிடைப்பதில்லை.

டிராவுக்குக் கிளப் பயிற்சியில் தனி நேரம் உண்டா? முதல் அணிக்கு மட்டுமா?

கோச்சுகள் பக்கமாக நின்று கொஞ்ச நேரம் கவனித்தேன். கோல் விழுந்தபோது அவர்கள் அதிகம் எழுதவில்லை. பந்தைப் பறிகொடுத்தவள் திரும்பி ஓடியபோது எழுதினார்கள். தரைப்பந்துக்குக் குனிந்தவளை. மட்டையை இடது கைக்கு மாற்றிப் பந்து பிடித்தவளை. மாற்றி வெளியே வந்தவள் பெஞ்சில் எப்படி உட்கார்ந்தாள் என்பதை.

தன் அப்பாவிடம் எரிந்து விழுந்த பெண்ணையும் ஒரு கோச் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதிலேயே தொடங்காதவர்களும் மேலே வந்திருக்கிறார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். 2002இல் அணி மீண்டும் உயிர்பெற்றபோது கோச் கெல்லி அமோன்ட்டே ஹில்லருக்கு ஆள் போதவில்லை. வளாகத்தில் கண்ணில் பட்ட இரட்டைச் சகோதரிகளை ஆட அழைத்தார். லக்ராஸ் ஆடியே அறியாதவர்கள். 2005இல் அந்த அணி தேசிய சாம்பியன்.

சார்லட் நார்த், டல்லாஸ்காரர். லக்ராஸ் என்றால் எல்லோரும் சொல்லும் இடங்கள் லாங் ஐலண்டும் பால்டிமோரும்தான், டல்லாஸ் இல்லை. முதலில் டியூக்கில் ஆடினார், பிறகு பாஸ்டன் காலேஜுக்கு மாறினார். 2021இல் ஒரே பருவத்தில் 102 கோல்.

 

பணம். கிளப் கட்டணம் சில ஆயிரம் டாலர். சீருடை தனி. விமானம் தனி. நவம்பரில் ஃப்ளோரிடாவில் டோர்னமென்ட். பல டோர்னமென்ட்களில் நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும்.

டிவிஷன் ஒன்னில் நெடுங்காலம் ஒரு பெண்கள் அணிக்கு 12 முழு உதவித்தொகைதான் வரம்பு. முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். கால் பங்கு, அரைப் பங்கு, சிலருக்குப் புத்தகச் செலவு.

கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போயிற்று. பதிலாக ஆள் வரம்பு, 38 பேர்.

வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களும் அந்த 38க்குள்தான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒரே இடத்துக்கு.

ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் ஒன். விளையாட்டு உதவித்தொகை கிடையாது. டிவிஷன் மூன்றிலும் கிடையாது.

கிளப் செலவை ஒரு தாளில் கூட்டினேன். பக்கத்தில் கால் பங்கு உதவித்தொகையை எழுதினேன். தாளை மடித்து வைத்திருக்கிறேன், மனைவியிடம் காட்ட வேண்டும்.

டிவிஷன் மூன்றுக்குச் செப்டம்பர் 1 கட்டுப்பாடு இல்லை. கோச் முன்பே எழுதலாம், பேசலாம். பெண்கள் அணிகளும் அங்கேதான் அதிகம், டிவிஷன் ஒன்னைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கிளப் பேனரில் அந்தக் கல்லூரிகளின் சின்னங்கள் ஓரத்தில் இருந்தன.

ஒரு கிளப் கோச் ஒரு அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "டிவிஷன் ஒன்னுக்கு இவள் வேகம் போதாது. நல்ல டிவிஷன் மூன்று கல்லூரிகளை எழுதித் தருகிறேன், போய்ப் பாருங்கள்." அம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்தக் கோச்சின் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

கல்லூரிக் கோச் கிளப் கோச்சைத்தான் கூப்பிட்டு விசாரிக்கிறார். எல்லாப் பெண்களையும் ஆகா ஓகோ என்று சொல்பவரின் வார்த்தை எத்தனை வருடம் செல்லும்?

முழங்காலில் கறுப்புப் பட்டை போட்ட பெண்கள். ஒரே அணியில் இருவர். ஓடி வெட்டித் திரும்பும் ஆட்டங்களில் மூட்டு ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தாவி இறங்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தால் குறையும். பயிற்சிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எந்தக் கிளப் அதைச் செய்கிறது என்று மைதானத்துக்குச் சீக்கிரம் வந்தால் தெரிந்துவிடும்.

பனிக்காலத்தில் மகள் கூடைப்பந்து ஆடலாமா என்று கேட்டேன். ஒரு கிளப்பில் "கட்டாயம் ஆடட்டும்" என்றார்கள். இன்னொன்றில் "அது உங்கள் முடிவு" என்றார்கள். இரண்டாவது பதிலுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

ட்ரைஅவுட் என்னும் அணித்தேர்வு முடிந்த இரவே கிளப்பிலிருந்து மின்னஞ்சல். ஒரு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். முன்பணம் திரும்பாது. பதின்மூன்று வயதுப் பெண் அந்த இரவு எப்படித் தூங்குவாள்.

கல்லூரிக் கோச்சுக்குக் கடிதம் பெண்தான் எழுத வேண்டும். பெயர், ஆண்டு, ஆடும் இடம், சட்டை எண், எந்தக் களம், எத்தனை மணிக்கு. ஐந்து வரி. அப்பா எழுதிக் கொடுத்த கடிதம் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும் என்கிறார்கள்.

கல்லூரியில் ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் தேற வேண்டும். டிவிஷன் ஒன் விதி. பேனரில் இதற்கு இடமில்லை. ஒரு கிளப் கோச் மட்டும் மகளிடம் முதலில் கணக்கு மதிப்பெண் கேட்டார். மகளுக்கு ஆச்சரியம்.

காலில் அடிபட்டு ஆட்டமே நின்றுபோனாலும் அந்தக் கல்லூரியில் நாலு வருடம் இருக்கப் பிடிக்குமா? இந்தக் கேள்வியை மகளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

காரில் அவள் கேட்டாள். "அப்பா, பெரிய கிளப்ல சேர்ந்தா என்னை ஆட விடுவாங்களா?"

"எந்த இடத்துல ஆடணும் உனக்கு?"

"டிரா எடுக்கணும்ப்பா."

பிரபலமான கிளப்பின் 2030 அணியில் டிரா எடுக்க ஏற்கெனவே மூன்று பேர். பக்கத்து ஊரின் சின்னக் கிளப்பில் ஒருத்தியும் இல்லை. அந்தச் சின்னக் கிளப், கல்லூரிக் கோச்சுகளின் சங்கம் நடத்தும் டோர்னமென்டுக்குப் போகிறதா? விசாரிக்க வேண்டும். போனால் எந்தக் களத்தில் ஆட்டம் கிடைக்கும், நடுவிலா, வாகனம் நிறுத்தும் இடத்தை ஒட்டியா.

கடைசிக் களங்களில் நாற்காலிகள் குறைவு. ஆனாலும் இருந்தன. டிவிஷன் மூன்று சட்டைகள்.

தோற்றுக்கொண்டிருந்த அணியின் கோச், ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஒரு பெண்ணை உள்ளே அனுப்பினார். அனுப்பும் முன் குனிந்து அவள் பெயரைச் சொல்லி ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். அடுத்த களத்தில் ஒரு கோச் தன் அணியின் பெண்ணை எண் சொல்லிக் கூப்பிட்டார்.

கிளப்பைப் பற்றி விசாரிக்க, கிளப்பே சில வீடுகளின் எண்ணைத் தருகிறது. எல்லாம் முதல் அணியின் நட்சத்திரங்கள். அந்தப் பெண்கள் எந்தக் கிளப்பிலும் நன்றாகவே இருந்திருப்பார்கள்.

பெண்ணுக்குக் கிளப் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வருடப் பட்டியலில் இருபதாவதாக இருந்த பெண்ணின் வீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நிமிடம் ஆடவிட்டார்கள், அவளுக்காகக் கோச் எந்தக் கல்லூரிகளோடு பேசினார், அவள் இன்னும் மட்டையைத் தொடுகிறாளா என்று அவள் வீட்டில் கேளுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.