யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அமெரிக்காவில் ஜானி கார்சன் 30 ஆண்டுகள் நடத்திய ‘தி டுநைட் ஷோ’ என்னும் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சியை 1992இல் ஜே லெனோ ஏற்றார். அவ்விடத்தை எதிர்பார்த்திருந்த டேவிட் லெட்டர்மேன், 1993இல் வேறு தொலைக்காட்சிக்குச் சென்று அதே நேரத்தில் போட்டி நிகழ்ச்சி தொடங்கினார். பார்ப்போர் இரண்டாகப் பிரிந்தனர். பெருங்கூட்டம் நாளடைவில் லெனோவின் பக்கம் சாய்ந்தது. ஓய்வு பெற்ற கார்சனோ, லெட்டர்மேனுக்கே நகைச்சுவைத் துணுக்குகளை எழுதி அனுப்பிவந்தார்.

சுவை வேறுபடுவதில் குற்றமில்லை. ஆயினும் லெனோவின் ‘ஜேவாக்கிங்’ பகுதி நம்மை உறுத்துகிறது. தெருவில் செல்வோரிடம் எளிய பொது அறிவுக் கேள்விகளைக் கேட்பார். அவர்கள் தவறாக விடையளிக்க, அரங்கம் சிரிக்கும். விடையளித்தவர்களும் உடன் சிரித்தனர் என்பது உண்மைதான். ஆனால் பரிகாசத்தைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம் அச்சிரிப்பை நன்கறிவோம். தவறாக ஓதிய பிள்ளையைப் பார்த்து வகுப்பு ஒருமுறை சிரித்துவிட்டால், மறுநாள் அப்பிள்ளையின் குரல் எழாது.

லெட்டர்மேனிடமும் முள் உண்டு. விருந்தினர் சிலர் அதில் நொந்ததுண்டு. எனினும் அவர் தம்மைத் தாமே கேலி செய்யவும் தயங்கியதில்லை. 2000ஆம் ஆண்டு இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பியபோது, தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் மேடைக்கு அழைத்துக் கண்கலங்க நன்றி கூறினார். நம் மூத்த மாணவர்கள் கைபேசியில் தேடிப் பார்ப்பதோ ‘ஜேவாக்கிங்’கைத்தான்.