அப்பா வழியிலும் வரும்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். தங்கையிடமும் தம்பி குடும்பத்திடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் காலடிப்பேட்டையில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும், "எல்லாம் மணலி, எண்ணூர் புகைதான்" என்போம். புகை கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அத்தைக்கு 44 வயதில், பெரியப்பா மகளுக்கு 39 வயதில், என் தங்கைக்கு 47 வயதில் மார்பகப் புற்றுநோய். பெரியப்பா மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் கும்பகோணத்தில். அங்கே ஏது எண்ணூர் புகை?

அத்தை போனபோது "ஏதோ கட்டி" என்று மட்டும் சொன்னார்கள். பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு, வெளியே தெரிந்தால் வரன் வராது என்ற பயம்.

ஒரு சின்ன அறிவியல் பாடம். நம் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள். 23 அப்பா கொடுத்தது, 23 அம்மா கொடுத்தது. அவற்றை 46 புத்தகங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு புத்தகத்தின் பக்கங்கள் இன்னொன்றில் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். பக்கம் எதுவும் குறையாததால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இருக்காது. கிழிந்த இடம், செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் பாடத்தின் நடுவில் என்றால் ஆபத்து. 1979-இல் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். மூன்று தலைமுறையில் 10 பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய். 3-ஆம் குரோமோசோமும் 8-ஆம் குரோமோசோமும் துண்டு மாறியிருந்ததுதான் காரணம்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. 17-ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ1 என்ற மரபணு இருக்கிறது. அதில் ஒரு துண்டே இல்லை. எழுத்துப் பிழை தேடும் சோதனையில் தங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கம் தொலைந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில்தான் தெரிந்தது.

பிறகு நாங்களும் பார்த்தோம். எனக்கு இல்லை. தம்பிக்கு இருக்கிறது. "நான் ஆம்பளைக்கா, எனக்கு எதுக்கு?" என்றவன் அவன். மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழி மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு வந்தது அப்பா வழியில். மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தம்பிக்கு இரண்டு பெண்கள். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். பெரியவள், 26 வயது, தானே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு அவள் சொந்த விஷயம், இங்கே எழுத மாட்டேன். மரபணு மாற்றம் இருந்தாலே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 25 வயதிலிருந்தே மருத்துவர் சொல்லும் முறையில் எம்ஆர்ஐ பார்த்தால், வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம்.

எல்லோரும் பயப்பட வேண்டாம். புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருவது. ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு, அதுவும் 50 வயதுக்குள், அல்லது கருப்பையின் பக்கத்தில் உள்ள சினைப்பையில், அல்லது ஓர் ஆணுக்கு மார்பில் வந்திருந்தால் விசாரியுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே ஆலோசனைப் பிரிவு உண்டு.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று இரண்டு வழியிலும் ஒரு தாளில் எழுதுங்கள். "ஏதோ கட்டி" என்றால் விடாமல் கேளுங்கள். விவரம் தெரிந்த பாட்டிகள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்