கடைமடையிலிருந்து தொடங்குவோம்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், செம்மண் மேடுகளை ஒட்டிய ஊர்களில் வாழ்வோர்க்குச் சரள் குழிகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சாலைக்கு அடித்தளமிடவும், தாழ்ந்த மனைகளை மேடாக்கவும் சரள் வேண்டும். குத்தகைக் காலம் முடிந்ததும் பொக்லைனும் லாரிகளும் போய்விடுகின்றன. குழி மட்டும் ஊரோடு தங்கிவிடுகிறது.

நாம் பங்குப்பணி ஆற்றும் ஊரின் மேற்கே அத்தகைய குழிகள் மூன்று உண்டு. அவற்றிற்கும் மேற்கே, உயர்ந்த தரையில் நம் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மேட்டிலிருந்து வரும் மழைநீர் அதன் ஓரமாக ஓடி, குழியின் விளிம்பிலிருந்து அருவிபோல் விழுகிறது. விழும் நீர் அடியிலுள்ள மண்ணைக் குடைகிறது. அடி குடைபட்டதும் மேல்மண் சரிகிறது. இவ்வாறு விளிம்பு ஆண்டுதோறும் மேடு நோக்கியே பின்வாங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தார் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அம்மழை ஓய்ந்தபின் நாம் போய்ப் பார்த்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கும் குழிக்கும் இடையே 20 அடி நிலங்கூட எஞ்சியிருக்கவில்லை.

இறந்தோர் உறங்கும் இடத்துக்கு ஆபத்து என்றதும் ஊர் ஒன்றுகூடியது. பங்குப் பேரவையில் திட்டம் விரைவிலேயே உருவாயிற்று. கல்லறைத் தோட்டத்துக்கு மேற்புறமே நீரைத் தடுத்து, வடக்கே திருப்பி, நேராகக் கிழக்கு நோக்கி ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவது. செலவு குறைவு, தூரமும் குறைவு. அனைவரும் இசையும் தறுவாயில், கீழத்தெரு அன்பியத்திலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து நின்று, "அது சரி சாமி, அந்தத் தண்ணிய எங்க வீட்டுக்கா அனுப்பப் போறீய?" என்று கேட்டார்.

அவையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஏனெனில் நேர்க்கோட்டின் முடிவில் இருந்தது கீழத்தெருதான்.

வடிகால் என்பது நீரை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நம் வாசலிலிருந்து நீங்கிய நீர் மற்றொருவர் வாசலைத் தேடிப் போகிறது. ஆகவே, எங்கே வெட்டத் தொடங்குவது என்பதைவிட எங்கே போய் முடிவது என்பதே முதற்கேள்வியாக வேண்டும். மூதாட்டி கேட்டதும் அதுவே. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், இயற்கைக்கு நேரும் கேடு முதலில் ஏழைகளையே தாக்குகிறது என்பதை வற்புறுத்தியிருக்கிறார். அது எங்கோ பனிமலை உருகும் நாடுகளுக்கு மட்டும் உரிய உண்மையன்று. மேட்டுத் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் இடையிலும் மெய்யாகிறது.

பின்னர், திட்டத்தைக் கடைமடையிலிருந்து மேல்நோக்கி வகுக்கலானோம். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தையும் புலப்படங்களையும் விரித்துப் பார்த்தபோது, குழிகளுக்கு வடக்கே பழைய ஓடை ஒன்று குளம் வரைக்கும் வரையப்பட்டிருந்தது. தரையில் அது பாதி தூர்ந்து, உடைமரங்களுக்குள் மறைந்து கிடக்கிறது. நீர் நெடுங்காலமாக நடந்த வழி அதுவே. அதனைத் தூர்வாரினால் நீர் கீழத்தெருவைத் தொடாமல் குளத்தை அடையும்.

ஆயின், எவ்வளவு நீர்? ஓர் ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர் சேரும். நம் மேட்டுநிலம் 10 ஏக்கர். அம்மழை ஒரு மணி நேரத்தில் பெய்து, பாதி நிலத்தில் ஊறினாலும், 10 லட்சம் லிட்டர் வழிந்தோடும். நொடிக்கு ஏறத்தாழ 280 லிட்டர். இதனைக் கொண்டுசெல்ல, அடியில் 2 அடியும் மேலே 8 அடியும் அகலமுள்ள, 2 அடி ஆழமான, புல் வளர்ந்த வாய்க்கால் போதும். கரைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டினால்தான் அவை நிற்கும்.

சரிவு மிகுந்துவிடலாகாது. 200 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் போதுமானது. நீரின் வேகம் இருமடங்கானால், அது உருட்டிச் செல்லவல்ல கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலார் கண்ட விதி. விரைந்து வெளியேற்ற வெட்டிய வாய்க்காலே மற்றொரு பள்ளமாக மாறுவது இதனால்தான். நம் இளைஞர்கள், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப்பில் நீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர்மட்டம் பார்த்து, முளையடித்துக் கோடு போட்டார்கள். அக்கோடு நேராக அமையவில்லை. மேட்டின் மடிப்புகளைத் தழுவி வளைந்து வளைந்து சென்றது. இறக்கம் மிகுந்த இடங்களில் கல்தடுப்புகள் அமைய வேண்டும்; கீழ்த்தடுப்பின் உச்சியும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு அவற்றை வைத்தால், நீர் படிப்படியாக இறங்கும். குழியின் விளிம்பு நெடுகிலும் வெட்டிவேர் நட முடிவாயிற்று; அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழிறங்கி மண்ணைப் பற்றும்.

நீரைக் குழிக்குள்ளேயே விட்டுவிடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. விளிம்பிலிருந்து விழும் நீர்தான் நோய்க்கே காரணம். அன்றியும், நீர் நிறைந்த கைவிடப்பட்ட குழிகளில் சிறுவர் மூழ்கி மாண்ட செய்திகளை நாளேடுகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! எனவே குழிகளைச் சுற்றி வேலி அமைப்பதும் திட்டத்தில் சேர்ந்தது.

எஞ்சியது வண்டல். செந்நீர் அப்படியே குளத்தில் இறங்கினால் குளம் மேடாகிவிடும். மணல் நொடிகளில் படிந்துவிடும். நுண்ணிய களிமண் படிய நாட்கள் ஆகும். ஆகவே குளத்துக்கு முன்பாக நீர் சற்றுத் தங்கிச் செல்ல ஒரு படிவுக்குட்டை வேண்டும். அதற்கேற்ற சமதரை ஓரிடத்தில்தான் இருந்தது: ஓடையை ஒட்டிய, கோவிலுக்குச் சொந்தமான தென்னந்தோப்பின் கீழ்மூலை. 25 சென்ட் நிலம். காய்க்கும் மரங்கள் 17. 3 அடி ஆழத்தில் வெட்டினால், ஒரு மணி நேர நீரில் பெரும்பகுதியை அது தாங்கும்.

கல்லறைத் தோட்டத்துக்காக ஒன்றுகூடிய அவை, தோப்பு என்றதும் தயங்கிற்று. அத்தோப்பின் குத்தகைப் பணத்தில்தான் ஆண்டுத் திருவிழா நடக்கிறது. முன்னோர் நட்ட மரங்களை வெட்டலாமா என்று சிலர் மனம் நொந்தனர். அவர்கள் வருத்தம் பொய்யன்று. மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றாவது கூட்டத்தில், தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரே எழுந்து, "என் தகப்பனும் அந்த மேட்டுலதான் கிடக்காரு, கீழத்தெருப் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகதானே சாமி" என்றார். அதன்பின் வாக்கெடுப்பு வேண்டியிருக்கவில்லை. மறைமாவட்டத்தின் இசைவுக்கும் எழுதினோம்.

ஓடைப் புறம்போக்கில் அனுமதியின்றி மண்வெட்டி வைக்கலாகாது. கிராம சபையில் தீர்மானம் நிறைவேறி, மனு அரசு அலுவலகத்தில் இருக்கிறது. 95 சென்டிமீட்டர் மழை மீண்டும் வந்தால் இவ்வாய்க்கால் தாங்காது என்பதையும் ஊரார்க்குச் சொல்லியிருக்கிறோம். குளம் வெட்டிய நம் முன்னோர், கரை உயர்த்தும்போதே மறுகாலும் அமைத்தனர். மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வெளியேற வழி வைத்தனர். அவ்வாறே நம் வாய்க்காலுக்கும், வீடுகள் இல்லாத தரிசுப் பக்கமாக ஒரு மறுகால் குறிக்கப்பட்டிருக்கிறது.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய குழிகள் இருக்கலாம். அடுத்த மழைக்கு முன்பாக, நீர் புறப்படும் இடத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அது போகும் வழியே நடந்து சென்று, கடைசி வீட்டின் கதவைத் தட்டி, அங்கே வாழ்வோரிடம் கேளுங்கள். மழைநாளில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை, எந்த வரைபடத்தையும்விடத் திருத்தமாகத் தங்கள் வீட்டுச் சுவரில் அவர்கள் காட்டுவார்கள்.