பத்து காஜாவில் ஒற்றைக்குழலின் விலை

ஈப்போவிலிருந்து தென்மேற்கே காரில் அரை மணி நேரம் போனால் பத்து காஜா. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல், 'காஜா' என்றால் யானை. இரண்டு யானைகள் கல்லாய்ச் சமைந்த கதையை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் கெல்லி மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்தது ஒரு நேயரின் கேள்வி.

வானொலியில் பழைய பொருள்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தோம். குத்துவிளக்கு, கிராமபோன், பால்மரக் கத்தி என்று அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. பத்து காஜா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "எங்கப்பா எஸ்டேட்டுல ஜாகா வேலை. ராத்திரியில அவரு கையில ஒத்தக்குழல் துப்பாக்கி இருக்கும். அந்த மாதிரி பழசு அமெரிக்காவுல நல்ல விலைக்குப் போகுதாமே, உண்மையா தம்பி?"

உண்மைதான். ஆனால் அங்கே நல்ல விலைக்குப் போவது வேறு வகை.

அங்கே ஒரு விலை

'டிராப்' என்பது பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டு. ஒரு காலத்தில் உயிருள்ள புறாவைப் பெட்டியில் அடைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுடுவார்கள். அந்தப் பெட்டியின் பெயர்தான் டிராப். 1880-இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, புறாவின் இடத்தை மெல்ல மெல்லத் தட்டு பிடித்துக்கொண்டது.

ஒலிம்பிக் டிராப் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம் என்பதால் இரட்டைக்குழல் துப்பாக்கி வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் களமிறங்கியது இந்த டிராப் போட்டியில்தான். அமெரிக்கப் பாணியிலோ ஒரு தட்டுக்கு ஒரே குண்டு. அதற்கென்றே நீண்ட குழலும் நல்ல எடையும் கொண்ட ஒற்றைக்குழல்களைச் செய்தார்கள். எடை கூடக்கூடத் தோளில் விழும் உதை குறையும்.

சேகரிப்பாளர்கள் தேடுவது இவற்றைத்தான். நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நிறுவனம் 1914-இல் இருந்து இவ்வகையைச் செய்தது. அதன் மிக உயர்ந்த தரத்துக்கு, இராணுவ இசையமைப்பாளரும் டிராப் பிரியருமான ஜான் பிலிப் சூசாவின் பெயர். விசைக்காப்பில் தங்கத்தால் ஒரு கடல்கன்னியைப் பதித்திருப்பார்கள்.

விலையை முடிவு செய்யும் விதம் நகைக் கடை போல இல்லை. பளபளப்பாக்கினால் விலை குறையும். குழலின் பழைய நீலப்பூச்சு, கட்டையின் அசல் மெருகு, வெட்டாத குழல் நீளம், எல்லாப் பாகத்திலும் ஒரே எண், சோதனைச் சாலை முத்திரை ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். கடைசியாக ஒன்று: யார் கையில் இருந்தது என்பதற்கான தாள். பட்டறைக் கடிதமோ ரசீதோ பழைய படமோ இருந்தால் விலை ஏறும். வெறும் வாய்ப்பேச்சுக்குக் காசு கிடையாது.

இங்கே வேறு கணக்கு

பெரியவரின் அப்பா தூக்கியது இந்த ரகமல்ல. மலாயில் 'செனாபாங் பாத்தா' என்பார்கள். நடுவில் மடித்து ஒரு தோட்டா போடும் எளிய துப்பாக்கி. காட்டுப் பன்றியை விரட்டவும் காவலுக்கும் தோட்டங்களில் இருந்தது இதுதான்.

காலனி ஆட்சி யாரிடம் துப்பாக்கி கொடுத்தாலும் பாதிக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தது. பர்மிங்காம் கிரீனர் நிறுவனம் எகிப்துக் காவலர்களுக்காகச் செய்த ஒற்றைக்குழலே இதற்குச் சாட்சி. கடையில் கிடைக்கும் தோட்டா அதற்குள் பொருந்தாது. திருடு போனாலும் திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்று அளவையே மாற்றிவிட்டார்கள்.

ஊருக்குள் கெல்லி மாளிகையிலிருந்து நடையைத் தொடங்கினேன். ஸ்காட்லாந்தின் வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பர் பணத்தில் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற வீடு. சற்றுத் தொலைவில் தொழிலாளர்களுக்கு அவர் எழுப்பித் தந்த மாரியம்மன் கோயில். கூரையில் சாமிகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். அது ஸ்மித்தேதான் என்கிறார்கள். செங்கல் சுமந்தவர்களின் பெயர் மாளிகையிலும் இல்லை, கோயிலிலும் இல்லை.

அடுத்தது 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்று அழைக்கப்படும் கிறிஸ்தவ மயானம். வெட்டிவிட்ட புல்லில் வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, தேதி. எத்தனையோ பேர் இருபது வயதுகளில் இருந்தவர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் வாக்கர், அலிசன், கிறிஸ்டியன் என்ற மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அந்த மூவரும் இங்கேதான் உறங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஜூனில் நினைவஞ்சலி நடக்கிறது.

அதற்குப் பிறகுதான் துப்பாக்கி லயத்து வாசலுக்கு வந்தது. சிறப்புக் காவலர்களும் ஊர்க்காவலர்களும் அமர்த்தப்பட்டார்கள். ஈயச் சுரங்கங்களைக் காக்க 1952-இல் கிந்தா பள்ளத்தாக்கு ஊர்க்காவல் படை உருவானது. தோட்டங்களில் தமிழ்க் கங்காணிகளும் தொழிலாளர்களும் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு உயிர் விட்டார்கள்.

நிகழ்ச்சியில் பேசிய பெரியவரையும் பார்த்தேன். மயானத்துக்கு வெளியே மரநிழலில் நின்று பேசினோம். "பொழுது சாஞ்சதும் ஆபீசுல துப்பாக்கி கொடுப்பாங்க. விடிஞ்சதும் எண்ணி வாங்கிக்குவாங்க. ஒரு தோட்டா குறைஞ்சாலும் விசாரணைதான். அப்பா தூங்கும்போதும் தோட்டாவை மடியில முடிஞ்சுக்கிட்டுதான் படுப்பாரு." காட்டில் இருந்தவர்களைவிடத் தோட்டா தொலைந்துவிடுமோ என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்ததாம்.

"இவ்வளவு பேரு இங்க கல்லுல இருக்காங்க. எங்கப்பா பேரு அந்த ஆபீசு நோட்டுல இருந்திருக்கும். அந்த நோட்டு எங்கேன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. தஞ்சாவூர்க்காரரான எஸ்.ஏ. கணபதி, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைது செய்யப்பட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இந்திய அரசு தலையிட்டும் பலனில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துரை துப்பாக்கி வைத்திருந்தால் உரிமம், ஜாகா வைத்திருந்தால் இரவு வேலை, கணபதி வைத்திருந்தால் மரணம். நம் குடும்பங்களில் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்துவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் ஒன்று இருந்தால்

மலேசியாவில் பழைய துப்பாக்கி பாட்டன் சொத்தாகத் தானாகக் கைமாறாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. 'துருப்பிடித்தது, வேலை செய்யாது' என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். பரணிலோ கொட்டகையிலோ ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல், எடுத்துக்கொண்டும் போகாமல், முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். விலை விசாரிப்பதெல்லாம் பிறகு.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர் பணம் கொடுத்துத் தேடும் அந்தத் தாள் மிஞ்சும். அங்கே துப்பாக்கி இருக்கிறது, கதை கிடைப்பதில்லை. இங்கே துப்பாக்கி போய்விட்டது, கதை மட்டும் எண்பது வயதுக்காரர்களிடம் இருக்கிறது. அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கைப்பேசியில் குரல் பதிவு வசதி எல்லாருக்கும் இருக்கிறது. அடுத்த முறை தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் காவலுக்குப் போனார், யார் வீட்டில் பயந்து விழித்திருந்தார் என்று கேளுங்கள். பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஒரு படம் இருந்தால் பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பெயரை முழுதாக, தகப்பனார் பெயரோடு எழுதுங்கள்.