எழுதிய சுவர்

மொழியியல் படித்தவளுக்குப் படங்களோடு என்ன வேலை? முனைவர் பட்ட நேர்காணலில் எழுந்த இவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை.

பின்னர் மதுபனி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மணமக்கள் அறையின் கோஹபர் ஓவியத்தைக் காட்டி, "இதை எப்போது வரைந்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டேன். "எழுதினேன்" எனத் திருத்தினார் அம்மூதாட்டி. மிதிலைப் பெண்கள் கோஹபரை எழுதுகிறார்கள்.

1934 நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளில் இச்சுவர்களைக் கண்ட டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், 1949இல் 'மார்க்' இதழில் அவற்றை ஓவியமென்றே அறிமுகப்படுத்தினார். 1960களின் வறட்சிக்காலத்தில் அவை தாளுக்கு மாறி விற்பனைக்கு வந்தன. சுவர் பெயர்ந்தபோது வினைச்சொல் பின்தங்கிவிட்டது. கலை வரலாறு படத்தைப் பார்த்தது. சொல்லைக் கேட்க மொழியியலும் வேண்டியிருந்தது.

எனக்கு வியப்பைவிட வெட்கமே மிகுந்தது. ஓவியம் எழுதுதல் பழந்தமிழ் வழக்கு. இன்றும் கண்ணுக்கு மை எழுதுகிறோம். தாய்மொழி அறிந்ததை நான் மறந்திருந்தேன்.

அதைவிடவும் உறுத்தியது, அவரைப் பற்றிய என் களப்படிவத்தின் ஒரு வரி: 'எழுத்தறிவு: இல்லை.'

அன்றிரவு அதை அடித்தேன். அவ்விடத்தில் என்ன எழுதுவது என்பதே இப்போது என் ஆய்வு.