மடங்கத் தெரிந்த கத்தி

அப்பா தோட்டத்திற்குப் போவதை நிறுத்தி மூன்று வாரங்கள் ஆன பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

தெம்பனிஸில் எங்கள் புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. 74 வயது அப்பாவுக்கு அதில் ஒரு பாத்தி. கறிவேப்பிலை, வெண்டை, ஓரத்தில் ஒரு வாழை. பக்கத்துப் பாத்தியில் மலாய்ப் பாட்டி ஒருவர் பண்டான் இலை வளர்க்கிறார். காலை ஏழு மணிக்கு இருவரும் மலாயில் ஊர்க்கதை பேசியபடி களை பிடுங்குவார்கள். அம்மா போன பிறகு அப்பா வாய்விட்டுப் பேசிய இடம் அது ஒன்றுதான்.

“முட்டி வலிம்மா” என்று சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு சாப்பிடும்போது தானாகவே சொன்னார்.

வாழை இலை அறுக்கச் சமையலறைக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். மின்தூக்கியில் பையைக் கிழித்துக்கொண்டு கத்தியின் முனை வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. உள்ளே இருந்த ஒரு பெண் தன் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அடுத்து நின்ற மாடியிலேயே இறங்கிவிட்டார்.

“அது அவங்க மாடி இல்லம்மா. எனக்குத் தெரியும்” என்றார் அப்பா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மகனோடு நான் அங்கே நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் 40 ஆண்டுகள் இந்த ஊரில் உழைத்த மனிதரைப் பார்த்து ஒரு குழந்தை ஒதுங்கியது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் புரிந்தது.

“மடக்குக் கத்தி ஒண்ணு வாங்கலாம்ப்பா” என்றேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். “திருப்பாச்சேத்தி அருவாளப் பார்த்து வளந்தவன்கிட்ட பென்சில் சீவுற கத்தியக் காட்டுறியா?” என்று சிரித்தார். மூன்று வாரங்களில் அவர் சிரித்தது அன்றுதான்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொண்டேன். நியாயமான நோக்கம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். சிறையும் பிரம்படியும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து திறக்கும் கத்திக்கு இங்கே இடமே இல்லை. தோட்ட வேலைக்கோ முகாமுக்கோ கொண்டுபோகும் கத்திக்கு நோக்கம் உண்டு. அதே கத்தியைப் பையில் மறந்துபோய் வைத்துக்கொண்டு எம்ஆர்டியில் ஏறினால், ஏன் என்று கேட்பவருக்கு நம்மிடம் பதில் இருக்காது. ஆகவே வீட்டில் ஒரு விதி போட்டோம்: கையுறை, சணல் கயிறு, கத்தி மூன்றும் ஒரே டப்பாவில் இருக்க வேண்டும். டப்பா தோட்டத்திற்குப் போகும், வீட்டுக்குத் திரும்பும், வேறெங்கும் போகாது.

அடுத்தது எந்தக் கத்தி என்ற கேள்வி. வீட்டில் ஏற்கெனவே ஒரு சுவிஸ் ராணுவக் கத்தி இருந்தது. 1897ல் கார்ல் எல்செனர் பதிவுசெய்த வடிவத்தின் வழிவந்தது. கத்தரிக்கோல், திருப்புளி எல்லாம் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் வில் அலகை இறுக்கிப் பிடித்திருக்கும். நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுக்க வேண்டும். மூட்டுவாதம் வந்த அப்பாவின் கட்டை விரலுக்கு அது அசையவே இல்லை.

கடையில் ஜப்பானின் ஹிகோனோகாமி கத்தியைப் பார்த்தோம். மிகி நகரத்தில் 1890களில் பிறந்தது. ஓர் அலகு, மடித்த உலோகத்தகட்டில் ஒரு பிடி, பின்னால் நீண்ட சிறு நெம்பு. அதைக் கட்டை விரலால் அழுத்தினால் திறந்துவிடும். பூட்டு கிடையாது. ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் பென்சில் சீவினார்கள். 1960ல் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமாவை 17 வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே குறுவாளால் குத்திக் கொன்ற பிறகு, பிள்ளைகளிடம் கத்தி வேண்டாம் என்ற இயக்கம் அங்கே பரவியது. காரணம் நல்லதுதான். ஆனால் கத்தியோடு சேர்ந்து பென்சில் சீவத் தெரிந்த கையும் போனது.

எனக்குப் பிடித்திருந்தது. அப்பா தலையை ஆட்டினார். “அழுத்துற விரல் வழுக்கினா மடங்கி விரல்லயே விழும். வேண்டாம்.”

கடைசியில் கைக்கு வந்தது ஓப்பினெல். பிரான்சின் மலைப்பகுதியான சவோயில் 1890ல் ஜோசப் ஓப்பினெல் விவசாயிகளுக்காகச் செய்த கத்தி. பீச் மரப்பிடி, ஓர் அலகு, கழுத்தில் ஒரு வளையம். 1955ல் சேர்க்கப்பட்ட அந்த வளையத்தைத் திருப்பினால் திறந்த அலகு மடங்காது. இப்போது வருபவற்றில் மடக்கிய நிலையிலும் பூட்டலாம். நாங்கள் எடுத்தது எட்டாம் எண். அலகு எட்டரை சென்டிமீட்டர். சட்டைப் பையில் இருந்தால் கனமே தெரியாது.

ஒரே சிக்கல், நம் ஊர்க் காற்று. ஈரத்தில் மரப்பிடி ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். இதற்கும் நகம்தானா என்று சோர்ந்தபோது, கடைக்காரர் ஒரு வித்தை காட்டினார். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் நுனியை மேசை விளிம்பில் லேசாக ஒரு தட்டு. அலகு தானாகத் தலைகாட்டியது. வெளியே வந்த முதுகைப் பிடித்து இழுத்தால் போதும். சவோய்க்காரர்களின் பழைய தட்டாம் அது. அப்பா வாங்கித் தட்டினார். திறந்தது. மறுபடி மூடித் தட்டினார். கடைக்காரர் சிரிக்கும்வரை விடவில்லை.

துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா? நான் முன்னதைச் சொன்னேன். இந்தப் புழுக்கத்தில் கார்பன் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். எலுமிச்சை பட்டால் கறுக்கும். அப்பா கார்பனைத்தான் கேட்டார். தீட்டுக்கல்லுக்கு எளிதில் இணங்குமாம்.

“தினமும் துடைச்சு எண்ணெய் போடணும்ப்பா.”

“எனக்கு வேற என்னம்மா வேலை?”

அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

போன பள்ளி விடுமுறையில் பாசிர் ரிஸ் பூங்காவில் ஓர் இரவு முகாமிட்டோம். அனுமதி வாங்கிக் கூடாரம் போட்டோம். என் மகனுக்கு 10 வயது. மாத்திரை அட்டையைக் கிழிக்கக்கூட என்னிடம் வருபவன். தாத்தா அவனை எதிரில் உட்கார வைத்தார். “கைய நீட்டிச் சுத்திப் பாரு. எட்டுற தூரத்துல யாராவது இருந்தா கத்தி திறக்காது. வெட்டுறது எப்பவும் உன் உடம்பவிட்டு வெளிய போகணும். அடுத்தவங்களுக்குக் குடுக்கும்போது மடக்கித்தான் குடுக்கணும்.”

ஒரு குச்சியின் முனையைச் சீவ அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். முடித்ததும் வளையத்தைத் திருப்பி, மடக்கி, மறுபடி வளையத்தைத் திருப்பித் தாத்தாவிடம் நீட்டினான். அவனை நான் பத்து ஆண்டுகளாகக் கத்தியிடமிருந்து காப்பாற்றியிருந்தேன். அதை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கத்தி வாங்க நினைப்பவர்கள் எஃகையும் கூர்மையையும் பார்ப்பார்கள். நான் இப்போது முதலில் கேட்பது இரண்டு: இதை யாருடைய கை திறக்கும்? அந்தக் கைக்கு இதைப் பத்திரமாக மூட வருமா? அடுக்குமாடியில் சுவரோடு சுவராக வாழும் நமக்கு, மடங்குவது கத்தியின் வசதி மட்டுமல்ல. பக்கத்தில் நிற்பவருக்கு நாம் காட்டும் மரியாதையும்கூட.

எங்கள் வட்டாரத்திற்குப் பெயர் தந்த தெம்பினிஸ் மரம் இரும்புபோலக் கெட்டியானதாம். அப்பாவின் கத்திக்கு அதில் வேலை இல்லை. வாழை இலையும் கயிறும்தான்.

நேற்றுக் காலை அவரோடு நானும் இறங்கினேன். மின்தூக்கிப் பொத்தானை அழுத்தும் முன் டப்பாவைத் திறந்து, வளையம் பூட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இடையில் ஒரு மாடியில் கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி ஏறி, அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.